பயப்படாமல் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேரன்மகாதேவி, முக்கூடல் வட்டாரக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தற்கொலை நடந்த வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகும்போதெல்லாம் ஒரு பேச்சு காதில் விழும். “கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி பேசிட்டிருந்தா. கேக்கலாம்னு நெனச்சோம். நம்ம கேக்கப் போயி அதுவே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு விட்டுட்டோம்.” கேட்டால் சாகும் எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கொடுத்த கேள்வித்தாளில் தற்கொலை எண்ணம் உண்டா என்ற கேள்விகள் இருந்தன, மற்றவர்களுக்கு இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ சாகும் எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு வேதனை சற்றுக் குறைவாகவே இருந்தது.

எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதையும் ஆராய்ச்சி சொல்கிறது. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். பின்னாளில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது, ‘இனி எதுவும் சரியாகாது’ என்ற நம்பிக்கையிழப்புதான். தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005-இல் இன்னும் இரண்டைச் சொன்னார்: ‘நான் மற்றவர்களுக்குப் பாரம்’, ‘எனக்கென்று யாரும் இல்லை’. இவை இரண்டும் சேரும்போது சாகும் விருப்பம் வலுக்கிறது என்பது அவர் கருத்து. தன் தகப்பனாரையே தற்கொலையில் பறிகொடுத்தவர் அவர்.

அந்தப் ‘பாரம்’ நம் பக்கத்தில் தினமும் காதில் விழுவது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, மாத்திரை டப்பாவோடு தனியாக இருக்கும் ஆச்சி, “என்னால உங்களுக்குச் செலவுதான, நான் போய்ச் சேந்தா எல்லாருக்கும் நிம்மதி” என்பார். வயசானவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று கடந்துவிடுகிறோம். பீடி சுற்றும் பெண்ணும் இதையே வேறு மாதிரி சொல்வாள். குழுக்கடன் தவணை நாள் நெருங்கினால், தட்டை மடியில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் சுற்றிக்கொண்டிருப்பாள். “நான் இல்லேன்னா புள்ளைகளை எங்கம்மா பாத்துக்கிடும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுப்பாள். அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். “செத்துப் போயிரலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். நான் கேட்டபோது பெரும்பாலும் முதலில் அழுவார்கள், அப்புறம் பேசுவார்கள்.

பதில் ‘ஆமா’ என்று வந்தால், “உனக்கு என்ன குறைச்சல்?”, “புள்ளைகளை நெனச்சுப் பாத்தியா?” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கே தான் பாரம் என்று நம்புகிறவரை அந்தக் கேள்வி இன்னும் குறுக்கிவிடும். பக்கத்தில் உட்காருங்கள், தனியே விடாதீர்கள், மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்தில், சென்னையின் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டகங்களில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கிராமங்களில் தற்கொலை குறைந்தது. சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக்கூடியது, அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை.

இவ்வளவு செய்தும் ஒருவரை இழக்க நேரலாம். 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் ஒரு முடிவு சொன்னார்கள். நமக்குத் தெரிந்த அறிகுறிகளை வைத்து யார் இறப்பார் என்று கணிப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். அதனால் துஷ்டி வீட்டில் போய், “கூடவே இருந்தும் கவனிக்கலையே” என்று பெற்ற தாயிடம் கேட்பது கொடுமை. தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்தி என்றால் ‘தீராத வயிற்றுவலி’, ‘கடன் தொல்லை’, ‘மதிப்பெண் குறைவு’ என்று ஒற்றைக் காரணத்தோடு போடுகிறீர்கள். காவல் நிலையத்தில் எழுதுவதைத்தான் நிருபர் தருகிறார் என்பது புரிகிறது. ஆனால் அதே வலியோடும் கடனோடும் படிக்கிறவருக்கு, அதற்கு இதுதான் முடிவு என்று பட்டுவிடும். வியன்னா நகரில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை 1987-இல் பத்திரிகைகள் கட்டுப்படுத்திக்கொண்டபோது, ஆறே மாதத்தில் அங்கே அத்தகைய சம்பவங்கள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. நம் பிரஸ் கவுன்சிலும் 2019-இல் இதற்கு வழிகாட்டு நெறிகள் கொடுத்திருக்கிறது. எப்படி இறந்தார் என்பதை விட்டுவிடுங்கள். அதே நிலைக்குப் போய் மீண்டு வந்தவர்களைத் தேடி எழுதுங்கள், நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அரசின் மனநல ஆலோசனைச் சேவையான ‘டெலி மானஸ்’-இன் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையை எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் இன்னும் கேள்விப்பட்டதே இல்லை. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு கால் பக்கம் அச்சிட்டுத் தாருங்கள். பீடிக்கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்ட, மகளிர் குழுக்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம்.