பெட்டகத்தை வரைந்து வைப்போம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். மழைக்கு முன்பே என் மூட்டுவலி வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பெரியண்ணன் அப்பத்தாவின் மரப் பெட்டகத்தை விலை பேசுகிறார் என்று கோமு போனில் சொன்னாள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து ஆள் வந்து அளந்துகொண்டு போனாராமே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பங்காளிகள் கூடி எடுத்த முடிவு. விற்காதே என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வாசலைத் தாண்டுவதற்குள் அதை நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தே ஆகவேண்டும்.

சரவணன் அச்செடுத்துத் தந்த ஓவியம் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. ஷேக்கர் என்ற அமெரிக்கச் சமயக் குழுவினர் செய்த இழுப்பறை அலமாரி. முதலில் வெறும் பழுப்புப் பலகையாகத்தான் தெரியும். உற்றுப் பார், மீனா! வெளிர்மஞ்சள் பூச்சு காய்ந்தபின் அதன்மேல் செம்பழுப்பு, அதற்கும் மேலே மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொரு மரரேகையாக இழுத்திருக்கிறார்கள். குமிழ்களைச் சுற்றி மட்டும் நிறம் கறுத்திருக்கிறது, கைபட்டுக் கைபட்டு. மேல்பலகையில் மின்னும் வெளிச்சம் வெள்ளைச் சாயமல்ல; பூச்சுப் படாமல் விட்ட காகிதம். எத்தனை பொறுமை!

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையின்றித் தவித்த ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்து, பழைய மரச்சாமான், துணி, பொம்மை என்று 1935 முதல் 1942 வரை வரைய வைத்தது. வண்ணப் புகைப்படத்துக்கு அன்று செலவு அதிகம், நிறமும் நிலைக்காது. என் மேசைமேல் இருப்பதும் அப்படி வரைந்ததுதான். அப்படிச் சேர்ந்த 18,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

போனில் படம் எடுத்தால் போதாதா என்பாய். போதாது. அப்பத்தாவின் சாவிக்கொத்து உரசி உரசிச் சாவித்துளைக்குக் கீழே பிறை போல ஒரு தடம் இருக்கிறதே, விளக்கு வெளிச்சம் பட்டால் அந்த இடம் பளபளத்துக் காணாமல் போய்விடும். வரைகிறவன் கோணம் மாற்றி மாற்றிப் பார்த்துப் பிடித்துவிடுவான். மூடியின் விளிம்பு தேய்ந்திருப்பதும் அப்படித்தான். அந்தத் தேய்மானத்துக்கு வாங்குகிறவர் விலை குறைப்பார். நமக்கு அப்பத்தா இருந்ததற்கு அதுதானே மிச்சம்?

சரவணனின் நண்பன் இங்கே சித்ரகலா பரிஷத் ஓவியக் கல்லூரியில் படிக்கிறான். நல்ல கை. அவனை அழைத்துக்கொண்டு வருகிறேன். தை பிறக்கும்வரை அண்ணனிடம் தவணை கேள். நீ சொன்னால் கேட்கமாட்டார், தெரியும். என் பெயரைச் சொல். நேர்வெயில் விழாத இரண்டாங்கட்டுக்குப் பெட்டகத்தை நகர்த்தச் சொல். புதிதாகத் தெரியட்டும் என்று யாரும் வார்னிஷ் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வசந்தா