கழுதையை எண்ணிக் காட்டியவருக்கு

பேரன்புடையீர்,

மகன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்று நான்காம் நாள். நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. நள்ளிரவில் இரத்தம் கொடுக்க ஓடி வந்தவர்கள், என் வேலையையும் தம் தலையில் போட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், பன்னிரண்டு நாளும் சாப்பாடு கொடுத்தனுப்பிய கீழ்வீட்டு அக்கா, ஊரில் நேர்ந்துகொண்டவர்கள், இங்கே துஆ கேட்டவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்வேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததோ, உங்களில் பலர் பார்த்தே இராத ஒருவருக்காக.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, எங்களுக்கு எதிர் இருக்கையில், எகிப்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி உள்ளே இருந்தார். ஷார்ஜாவில் பல்லாண்டுகள் கட்டட வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய அரபியில் பாதி உருதுவாக இருந்தது. மூன்றாம் நாள் இரவு அவர் என்னிடம் எதுவும் கேட்காமல், ஆறுதலும் சொல்லாமல், சுவரோரம் சுருண்டிருந்த என் எட்டு வயது மகளைப் பார்த்து, "கோஹாவைத் தெரியுமா?" என்றார். மற்ற அரபு நாட்டார் ஜுஹா என்று சொல்லும் கோமாளியை எகிப்தியர் கோஹா என்பார்கள். நம்மூரில் முல்லா கதை என்று நாம் படித்தவற்றில் பல இவர் பெயரிலும் வழங்குகின்றன. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு அல்-நதீம் தொகுத்த நூற்பட்டியலிலேயே ஜுஹாவின் வேடிக்கைக் கதைகள் இடம்பெற்றிருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று அவர் சொன்ன கதையில், பத்துக் கழுதைகளை ஓட்டிச் செல்லும் கோஹா, ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து எண்ணினால் ஒன்பதுதான் தேறுகிறது; பதறி இறங்கி எண்ணினால் பத்து. மறுபடி ஏறினால் ஒன்பது. கடைசியில், ஏறிப்போய் ஒரு கழுதையை இழப்பதைவிட நடந்துபோய் அதைச் சம்பாதிப்பது மேல் என்று அத்தனையையும் முன்னால் விட்டு நடக்கிறார். மகளுக்கு அவர் மொழி புரியாததால் நான்தான் வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "பரமார்த்த குருவோட சீடர்கள் மாதிரியே இருக்காரே அப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த மூன்று நாளில் நான் அவளிடம் பேசியதே அப்போதுதான் என்பது எனக்கு அந்தச் சிரிப்பில்தான் உறைத்தது. மருந்து, கட்டணம், விடுப்பு, மருத்துவர் வரும் நேரம் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளை எண்ணாமல் விட்டிருந்தேன்.

அதன்பின் இரவுக்கு ஒரு கதை. இரவல் வாங்கிய பானை குட்டி போட்டதையும், பிறகு செத்துப்போனதையும் அவள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள். கழுதை தொலைந்ததற்குக் கோஹா கடவுளுக்கு நன்றி சொல்லும் கதையும் உண்டு: "நல்லவேளை, நான் அதன் மேல் இல்லை, இருந்திருந்தால் நானும் அல்லவா தொலைந்திருப்பேன்!" அதைச் சொல்லிவிட்டு முதியவர் மட்டும் சிரிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதை அவருக்கும் தேவைப்பட்டது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அவருடைய மனைவி எங்களுக்கு முன்பே நலமாக வீடு திரும்பினார். விடைபெறும்போது முதியவர் சொன்னது ஆணிக் கதை. வீட்டை விற்ற கோஹா, சுவரில் இருக்கும் ஓர் ஆணி மட்டும் தனக்கே சொந்தம் என்று பேசி வைத்துக்கொண்டு, ஆணியைப் பார்க்கும் சாக்கில் வேளைக்கு வேளை, அதுவும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, வந்து நிற்பாராம். "உன் வீட்டிலும் ஓர் ஆணி அடித்துவிட்டேன்" என்று மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். முகவரி வாங்க எனக்குத் தோன்றவில்லை.

ஷார்ஜாவின் கட்டடப் பணியாளர் குடியிருப்புகளில் அவரை அறிந்தவர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துச் சொல்லுங்கள். நேற்று என் மகள் கூடத்துச் சுவரில் உண்மையாகவே ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். அதில் எதையும் மாட்ட யாருக்கும் அனுமதியில்லை. ஐயா, சாப்பாட்டு நேரமாகவே பார்த்து வாருங்கள்.

நன்றியுடன்,
இரு குழந்தைகளின் தந்தை