வெளியே அனுப்பும் முன் எழுத்தில் காரணம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கு,

வணக்கம். என் பெரியம்மாவைக் கட்டண முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தபோது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அட்வான்ஸ், மாதக் கட்டணம், சாப்பாட்டு நேரம் எல்லாம் விவரமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: நிர்வாகம் காரணம் கூறாமலே வெளியேற்றலாம். இடுப்பெலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போன் வந்தது. "இனிமே எங்களால பாத்துக்க முடியாது சார், சாமானை எடுத்துட்டுப் போயிடுங்க." போய்ப் பார்த்தால் புடவைகளும் மாத்திரை டப்பாவும் முருகன் படமும் இரண்டு கட்டைப்பைகளில் வராந்தாவில் இருந்தன. கட்டிலில் வேறொருவர்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்ட இல்லம் வெளியேற்றினால்? எந்தக் காரணத்துக்காக, எப்படி வெளியேற்றலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது.

அமெரிக்காவில் இதற்கு 1987-லேயே சட்டம் போட்டார்கள். மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் நிதி பெறும் நர்சிங் ஹோம் (அங்கே முதியோர் தங்கிப் பராமரிப்பு பெறும் இல்லம்), சட்டம் சொல்லும் ஆறு காரணங்களில் ஒன்று இல்லாமல் யாரையும் அனுப்ப முடியாது. பொதுவாக 30 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். எந்த இடத்துக்கு அனுப்புகிறோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். முதியோருக்காகப் பேசும் குறைதீர்ப்பாளருக்கு நகல் போகும். மேல்முறையீடு செய்தால், அவருடைய அல்லது அங்கே இருக்கும் பிறருடைய உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் ஒழிய, முடிவு வரும்வரை அவரை நகர்த்தக் கூடாது. அங்கேயும் மீறல் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை மீறல் என்று சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது, போய் முறையிட ஓர் இடம் இருக்கிறது.

இல்லம் நடத்துபவர்களின் சிரமமும் தெரியும். மறதி நோய் முற்றியவரைப் பார்த்துக்கொள்ள ராத்திரி வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. சரி, அதையே எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த இடம் உறுதியாகும்வரை பொறுக்கட்டும்.

விதியோ தனிச் சட்டமோ, எதுவானாலும் இந்தப் பாதுகாப்பைத் தமிழ்நாட்டில் கொண்டுவாருங்கள். "காரணம் கூறாமல்" என்ற நிபந்தனை செல்லாது என்று அறிவியுங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவரின் கட்டிலை, கட்டணம் கட்டியிருக்கும்வரை, பிறருக்குக் கொடுக்கத் தடை போடுங்கள். வெளியேறச் சொல்கிறார்கள் என்று முதியோருக்கான 14567 உதவி எண்ணுக்கு ஒரு முதியவர் போன் செய்தால், அவரை நகர்த்தும் முன் மாவட்ட சமூக நல அலுவலர் நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முதியவரின் உறவினர்