இரண்டு வெற்றி, மூன்று தோல்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். கிரிக்கெட்டுக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பங்கைக்கூட வேறு விளையாட்டுகளுக்குக் கொடுக்காத இந்தக் காலத்தில், தாங்கள் அதற்கென ஓரிரு பத்திகளேனும் ஒதுக்குவதற்கு முதலில் நன்றி. ஆனால், தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியில், முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றதால் களத்திற்கு வந்த மாற்றுக் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை) அண்மையில் வெளிவந்த கட்டுரை எடைபோட்டிருந்த விதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அணி வென்றதா தோற்றதா என்ற ஒரே கேள்வியை வைத்து அவர் தேறாதவர் என்று அதில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. அதை மறுத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சோமனூரில் சிறிய அளவில் விசைத்தறி நடத்துபவன். எனக்கும் இந்த ஆட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2011ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஹூஸ்டன் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விதிமுறைகளைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்பதும், அந்த நான்கு முயற்சியிலும் பந்தைக் கையில் வாங்கி யாருக்குக் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவரே குவார்ட்டர்பேக் என்பதும் புரிந்த நாளிலிருந்து இந்த ஆட்டம் என்னை விடவில்லை. இப்போதும் திங்கட்கிழமை விடியற்காலையில், காலை ஷிப்டு ஆட்கள் வருவதற்கு முன், அரை மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் தறிக்கூடத்தைத் திறக்கிறேன்.

நான் ஹூஸ்டனில் இருந்த அதே பருவத்தில் நடந்த ஒன்றே என் மறுப்புக்குப் போதுமான சான்று. அந்த ஆண்டு ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் மேட் ஷாப் காலில் அடிபட்டு வெளியேறினார். அவருக்கு மாற்றாக வந்த மேட் லைனார்ட் முதல் ஆட்டத்திலேயே கழுத்தடியிலுள்ள காறை எலும்பு முறிந்து படுத்தார். மூன்றாவது ஆளாக, அந்த ஆண்டுதான் புதுமுக வீரர்களுக்கான தேர்வின் ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டிருந்த டி. ஜே. யேட்ஸ் என்ற புதுமுகம் களமிறங்கினார். அதே நேரத்தில், முதன்மைக் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் கழுத்து அறுவை சிகிச்சையால் பருவம் முழுவதும் ஆடாததால், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியும் மாற்று ஆள்களை ஒருவர்பின் ஒருவராக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட கெர்ரி காலின்ஸ் தொடக்க ஆட்டக்காரராக இறங்கித் தொடங்கிய மூன்று ஆட்டங்களும் தோல்வி. கர்ட்டிஸ் பெயின்ட்டர் தொடங்கிய எட்டும் தோல்வி. கடைசி ஐந்து ஆட்டங்கள் டான் ஆர்லோவ்ஸ்கியிடம் வந்து சேர்ந்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். வழக்கமான பருவத்தில் யேட்ஸ் தொடங்கியது ஐந்து ஆட்டங்கள். அவற்றில் வெற்றி இரண்டு, தோல்வி மூன்று. ஆர்லோவ்ஸ்கி தொடங்கியதும் ஐந்து. வெற்றி இரண்டு, தோல்வி மூன்று. டிசம்பர் 22 அன்று இருவரும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தை நான் மகள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தேன். ஆட்டம் முடிய 19 விநாடிகள் இருக்கையில் ஆர்லோவ்ஸ்கி, ரெஜி வேய்னிடம் குறும்பந்து ஒன்றை எறிந்து டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்துப் பெறும் புள்ளிகள்) பெற்றார். கோல்ட்ஸ் 19க்கு 16 என்று வென்றது. எங்கள் தெருவே ஓசையடங்கிப் போயிற்று. ஆயினும் பருவ முடிவில் ஹூஸ்டன் 10 வெற்றி 6 தோல்வியுடன் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிளே ஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுகளுக்குச் சென்று, சின்சினாட்டியை 31க்கு 10 என்று வீழ்த்தியது. யேட்ஸின் பெயர் ஊரெல்லாம் கொண்டாடப்பட்டது. கோல்ட்ஸோ 2 வெற்றி 14 தோல்வியுடன் கடைசியில் நின்றது; ஆர்லோவ்ஸ்கி அடுத்த ஆண்டே அந்த அணியில் இல்லை.

யேட்ஸ் கெட்டிக்காரரல்லர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பின்னால் ஏரியன் ஃபாஸ்டர் என்ற ஓட்டக்காரர் இருந்தார்; அந்த ஆண்டு எதிரணிக்கு மிகக் குறைந்த யார்டுகளை விட்டுக்கொடுத்த அணிகளில் ஒன்றாக ஹூஸ்டனின் தடுப்பாட்டம் இருந்தது; புதுமுகத்திடம் அவர்கள் கேட்டதெல்லாம் பந்தைத் தொலைத்துவிடாதே என்பது மட்டுமே. அடுத்த சுற்றில் பால்டிமோருக்கு எதிராக அவரே ஆட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டிய நிலை வந்தபோது, பந்தை மூன்று முறை எதிரணியிடம் எறிந்தார். ஹூஸ்டன் 20க்கு 13 என்று தோற்றது. ஆர்லோவ்ஸ்கிக்கோ களத்தில் கால் வைத்த முதல் நாளிலிருந்தே அந்த நிலைதான். முந்தைய ஆண்டு மேனிங்கை வைத்துக்கொண்டு 10 வெற்றி பெற்ற அதே அணியின் ஓட்டைகள் எல்லாம், அவர் இல்லாமற்போன பிறகுதான் வெளியில் தெரிந்தன.

எங்கள் தொழிலில் இதை எல்லோரும் அறிவர். வழக்கமாகத் தறி ஓட்டுபவர் வராத நாளில் மாற்றாளை நிறுத்துகிறோம். ஷிப்டு முடிவில் எத்தனை மீட்டர் என்று நோட்டில் ஏறுகிறது. குறைந்திருந்தால் மாற்றாளுக்குக் கை ஓடவில்லை என்று முணுமுணுக்கிறோம். ஆனால் அன்று தறியில் ஏற்றியிருந்த பாவு (நீளவாட்டு நூல்) சைசிங்கில் கஞ்சி சரியாகப் பிடிக்காமல் வந்த பாவாக இருந்தால், நூல் நிமிடத்திற்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தேர்ந்த நெசவாளியானாலும் முடிச்சுப் போடுவதிலேயே பொழுது போய்விடும். அப்படியொரு நாளில் ஒரு பையனைக் கடிந்துகொண்டு, மறுநாள் பழைய ஆள் வந்து அதே பாவில் அதைவிடக் குறைவாக ஓட்டியதைப் பார்த்து நான் வாயடைத்து நின்றதுண்டு.

குவார்ட்டர்பேக்குக்குப் பாவு போன்றவர்கள், எதிரணியினர் அவரை நெருங்காமல் மறிக்க அவருக்கு முன்னே நிற்கும் அவர் அணியின் ஐந்து தடுப்பாளர்கள். பந்து கைக்கு வந்ததும் அவருக்குக் கிடைப்பது இரண்டரை அல்லது மூன்று விநாடி. அந்த ஐவரும் பிடித்து நிறுத்தினால்தான் அதுவும் உண்டு. 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் அணியில் டேவிட் கார் ஒரே பருவத்தில் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அந்த விளையாட்டில் அதுவே ஒரு பருவத்தின் உச்ச எண்ணிக்கை. அவர் அந்த ஆண்டுப் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், மாற்று ஆள் அல்லர். அவருக்கே அந்தக் கதி என்றால், வாரம் முழுவதும் முதல் அணியோடு பயிற்சி பெறாதவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

பயிற்சியைப் பற்றி அக்கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே என் பெரிய குறை. அந்த நாட்டு அணிகளில் வாரத்தின் பயிற்சியில் பெரும்பகுதி முதன்மை ஆட்டக்காரருக்கே போகிறது. மாற்று ஆள் பெரும்பாலும், வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்துத் தன் அணியின் தடுப்பாட்டத்துக்குப் பழக்கம் கொடுப்பவராகவே இருப்பார். அதாவது தன்னுடைய ஆட்டத்தை அல்ல, அடுத்தவனுடைய ஆட்டத்தையே அவர் வாரமெல்லாம் ஆடுகிறார். பந்தைப் பிடிப்பவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் எங்கே திரும்புவார் என்று கணித்து எறிய வேண்டிய ஆட்டம் இது. அந்தக் கணிப்பு நூற்றுக்கணக்கான முறை சேர்ந்து பழகியதால் வருவது. இடைவேளைக்குப் பின் திடீரென்று களத்தில் தள்ளப்பட்டவருக்கு அது எங்கிருந்து வரும்?

எண்களையும் அப்படியே நம்பிவிட இயலாது. கட்டுரையாளர் சான்றாகக் காட்டிய, பந்தை எறிபவரை மதிப்பிடும் பாசர் ரேட்டிங் 1973இல் வகுக்கப்பட்ட ஒரு சூத்திரம். எறிந்த பந்துகளில் எத்தனை பிடிக்கப்பட்டன, ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) என்ற நான்கை மட்டும் கொண்டு அதைக் கணக்கிடுகிறார்கள். அதன் உச்சம் 158.3. பந்தோடு வீழ்த்தப்பட்டது அதில் சேராது. காலால் ஓடி முன்னேறியதும் சேராது. சரியாக வந்த பந்தைப் பிடிப்பவர் கைநழுவவிட்டு, அது துள்ளி எதிரணியிடம் போனாலும், பழி எறிந்தவரின் பெயரில்தான் எழுதப்படுகிறது. நம் ஊர்க் கபடியில் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியபின் மூன்றாவது முறை, புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில், மாற்று ஆளைப் பாட அனுப்பிவிட்டு, அவன் பிடிபட்டதும் சரியில்லை என்று எழுதினால் நாம் ஏற்போமா? தோற்கும் அணியின் மாற்றுக் குவார்ட்டர்பேக்குக்கு வாய்ப்பதில் பெரும்பகுதி அத்தகைய மூன்றாவது முயற்சிதான். ஓட்டம் எடுபடாமல், இன்னும் பன்னிரண்டு பதினைந்து யார்டு வேண்டியிருக்கும். பந்து எறியப்படும் என்பது மைதானத்தில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கும்.

இதைக் கொண்டு நான் மாற்று ஆள்களுக்குச் சலுகை கேட்கிறேன் என்று தாங்கள் கொள்ள வேண்டாம். அதே எண்கள் மறுபக்கமும் ஏமாற்றும். அணி இருபது, இருபத்தைந்து புள்ளி பின்தங்கிய பிறகு, எதிரணி நீண்ட பந்தை மட்டும் மறித்துக்கொண்டு குறும்பந்துகளைக் கேட்பாரின்றி விட்டுக்கொடுக்கும். கடைசிக் கால்பகுதியில் இப்படிச் சேர்த்த யார்டுகளைக் காட்டி, முதன்மை ஆட்டக்காரரைவிட இவரே மேல் என்று கொண்டாடுபவர்களை மாப்பிள்ளையின் நண்பர்களிடையே நிறையக் கண்டிருக்கிறேன். அதுவும் பிழையான எடைதான்.

அவருடையது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவற்றில் நான் கட்டுரையாளரைவிடக் கடுமையானவன். ஆள் கிடைக்காதபோது பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போகத் தெரிகிறதா, நெருக்கடியில் பந்தை இரு கையாலும் பிடித்திருக்கிறாரா, எறியப்போகும் ஆளையே தொடக்கத்திலிருந்து வெறித்துப் பார்த்து எதிரணிக்குக் காட்டிக்கொடுக்கிறாரா, நேரம் கடக்குமுன் வீரர்களை நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குகிறாரா என்பன தடுப்பாளர் யாராயினும் அவர் பொறுப்பே. இதே ஆர்லோவ்ஸ்கி 2008ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று, டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக மினசோட்டாவுக்கு எதிராக, வாழ்வில் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். துரத்தி வந்தவரிடமிருந்து தப்பி ஓடுகையில், பின்னாலிருந்த எல்லைக் கோட்டைத் தாண்டிக் களத்துக்கு வெளியே ஓடுவதை அறியாமலேயே ஓடினார். அதற்காக எதிரணிக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. டெட்ராய்ட் அன்று தோற்றது 12க்கு 10 என்று. இதற்கு எந்தத் தடுப்பாளரையும் குறை சொல்ல முடியாது. எனினும் அந்த ஆண்டு டெட்ராய்ட் 16 ஆட்டத்திலும் தோற்றது என்பதையும், அவரும் சேர்த்து மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆட்டத்தைத் தொடங்கியும் எதுவும் மாறவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாற்று ஆள் என்றதும் 2001இல் டாம் பிரேடி வந்தது, 2018 பிப்ரவரியில் நிக் ஃபோல்ஸ் சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டியை வென்று கொடுத்தது ஆகிய கதைகளையே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஃபோல்ஸ் அந்தப் பருவத்தில் தொடக்க ஆட்டக்காரரானபோது அவருடைய பிலடெல்பியா அணி 11 வெற்றி 2 தோல்வி என்ற நிலையில் இருந்தது என்பதை ஏனோ யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு அதைவிட மேட் கேஸலின் கதையே பாடம். பள்ளிக்கூட நாளுக்குப் பின் குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத அவர், 2008இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடி காயமுற்றதால் நியூ இங்கிலாந்தை நடத்த வேண்டியவரானார். அணி 11 வெற்றி பெற்றது. அந்த 11ஐக் கண்டு கான்சாஸ் சிட்டி அவரை வாங்கியது. அடுத்த ஆண்டு அங்கே நான்கே வெற்றி. ஓர் ஆண்டில் ஒரு மனிதனுடைய கை அவ்வளவு கெட்டுவிடுமா? அதற்கடுத்த ஆண்டு அதே அணி அவரை வைத்துக்கொண்டே 10 ஆட்டங்களில் வென்றது.

ஆகவே, அக்கட்டுரையாளர் இதே ஆட்டக்காரரைப் பற்றி அடுத்தமுறை எழுதும்போது, அவர் களமிறங்கியபோது அணி எத்தனை புள்ளி பின்தங்கியிருந்தது என்பதையும், அந்த வாரம் முதல் அணியோடு அவருக்கு எத்தனை நாள் பயிற்சி கிடைத்தது என்பதையும், எத்தனை முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார் என்பதையும், பந்து பறிபோன ஒவ்வொரு முறையும் அது அவர் கையில் தவறியதா பிடிப்பவர் கையில் தவறியதா என்பதையும் சேர்த்து எழுதுமாறு தாங்கள் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். அவ்வளவையும் பார்த்தபின் அந்த இளைஞர் தேறவில்லை என்று அவர் எழுதினால், அதை நான் மறுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சோமனூர், கோயம்புத்தூர் மாவட்டம்.