உங்கள் வால்வு செட்டின் 6.3 வோல்ட், உண்மையிலேயே 6.3 தானா?

மதுரையில் எங்கள் கடையில் வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினவர்களுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சுற்றி வாங்கிப் போனவர்களுக்கும் வணக்கம். 6.3 வோல்ட் என்பது வால்வுக்குள் இருக்கும் ஹீட்டர் என்கிற சூடேற்றும் இழைக்குப் போக வேண்டிய அளவு.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். திருமங்கலம் பக்கம் ஒரு வாடிக்கையாளர், நாங்கள் செய்து கொடுத்த செட்டில் நாலே மாதத்தில் இரண்டு இ.எல்.84 பவர் வால்வு போய்விட்டது, கூடவே கொர்ரென்று ஒரு இரைச்சல் என்றார். கடையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் பாட்டு கேட்பதே இரவு பதினொரு மணிக்கு மேல் என்பது பேச்சுவாக்கில் தெரிந்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். செட்டைத் திருப்பினதுமே கண்ணில் பட்டது, செட் ஓடுவதைக் காட்டும் பைலட் லேம்ப்தான்: கண்ணாடியின் உள்பக்கம் கண்மை பூசினது போலக் கருத்துப்போய், ஆனால் எரிவது மட்டும் பளீரென்று வெள்ளையாக. ஹீட்டரில் மீட்டர் 7.9 காட்டியது. நம்ப முடியாமல் மீட்டரின் பேட்டரியை மாற்றின பிறகு 7.2. (பேட்டரி இறங்கின மீட்டர் கூட்டித்தான் காட்டும், இதை நீங்களும் மனதில் வையுங்கள்.) சுவரில் பிளக் பாயிண்டில் 251 வோல்ட்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. அந்த டிரான்ஸ்ஃபார்மரை நாங்கள் 220க்குச் சுற்றியிருந்தோம், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எங்கள் கடையில் பகலில் வருவது 224, அதில் 6.4 காட்டினதும் சரி என்று பெட்டியை மூடிவிட்டோம். ஊர்ப்புறத்தில் இரவில் லோடு குறைந்தால் கரண்ட் எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவேயில்லை.

6.3 வோல்ட் வால்வுக்கு 10 சதவீதம் முன்னே பின்னே போகலாம், அதாவது 5.7 முதல் 6.9 வரை. 6.0க்கும் 6.6க்கும் நடுவில் இருந்தால் கவலையே வேண்டாம், 6.31 வருகிறதே 6.30 வரவில்லையே என்று போன் செய்யவும் வேண்டாம். 6.9க்கு மேலே போனால்தான் வினை. ஹீட்டர் சூடாக்கினால் எலக்ட்ரானை விடும் பாகம் கேத்தோடு, அதன் மேல் பூசியிருக்கும் பேரியம் சூட்டில் ஆவியாகிப் பக்கத்தில் கட்டுப்படுத்தும் கம்பிவலையாக இருக்கும் கிரிட்டில் போய்ப் படியும், அப்புறம் கிரிட்டே எலக்ட்ரானை விட ஆரம்பிக்கும், எலக்ட்ரானை வாங்கும் தகடான பிளேட்டின் கரண்ட் கட்டுக்கு அடங்காமல் ஏறும். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே இருக்கிற இன்சுலேஷனும் கசியத் தொடங்கி இரைச்சல் உள்ளே வரும். அதற்காகக் குறைத்து ஓட்டினால் வால்வு ரொம்ப நாள் வரும் என்று சிலர் 5.5இல் வைக்கிறார்கள், அதுவும் தவறு. சூடு பற்றாத கேத்தோடிலிருந்து பவர் வால்வு முழுக் கரண்ட்டை உறிஞ்சினால் கேத்தோடு பூச்சிதான் முதலில் கெடும்.

உங்கள் செட்டில் என்ன நிலைமை என்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். வால்வுகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும், செட் கால் மணி நேரம் ஓடியிருக்க வேண்டும், நீங்கள் வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேரமாகவும் இருக்க வேண்டும். வால்வைக் கழற்றிவிட்டு அளந்தால் லோடு இல்லாமல் ஏழுக்குப் பக்கம் கூடக் காட்டும், அது கணக்கில் வராது. சாக்கெட்டில் கை வைக்க வேண்டாம், இ.சி.சி.83 என்கிற சின்ன வால்வில் ஹீட்டரின் 5ஆம் பின்னுக்கு அடுத்த 6ஆம் பின் பிளேட், மீட்டர் முனை ஒரு நூல் வழுக்கினால் போச்சு. எங்கள் செட்களில் பைலட் லேம்ப்பும் அதே வைண்டிங்கில்தான் இருக்கிறது, அதன் இரண்டு முனையில் ஏ.சி. ரேஞ்சில் அளந்தால் போதும். அதே கையோடு பிளக் பாயிண்டையும் அளந்துவிடுங்கள்.

இப்போது பிளக் வோல்ட்டை ஹீட்டர் வோல்ட்டால் வகுங்கள். 230க்கு 6.3 என்றால் 36.5 வர வேண்டும். அந்த அளவுக்கு வந்தும் ஹீட்டர் அதிகமாக இருந்தால் கோளாறு லைனில், அதாவது வீட்டுக்கு வரும் கரண்டில். 35க்குக் கீழே வந்தால் டிரான்ஸ்ஃபார்மரில். திருமங்கலத்துச் செட்டில் 34.9 வந்தது, லைனும் அதிகம், சுற்றும் தப்பு.

லைன் அதிகம் என்றால் பிரைமரியில் (டிரான்ஸ்ஃபார்மருக்குள் லைன் நுழையும் சுற்று) 240 டேப்புக்கு, அதாவது 240க்கு என்று வெளியே எடுத்த முனைக்கு, மாற்றுவதுதான் வைத்தியம். அந்த டேப்பில் 216 முதல் 264 வரை ஹீட்டர் எல்லைக்குள் நிற்கும், எச்.டி.யும் (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்) கூடவே இறங்கும். இதை ரெசிஸ்டரால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இரவு 251க்குப் பொருத்தமாகப் போட்ட ரெசிஸ்டர், மோட்டார் எல்லாம் ஓடி 220க்கு இறங்கும் சாயங்காலத்தில் வால்வைப் பட்டினி போடும்.

ரெசிஸ்டர் தேவைப்படுவது வேறு இடத்தில். 4 ஆம்பியருக்குச் சுற்றின ஹீட்டர் வைண்டிங்கில் இரண்டு இ.எல்.84 (தலா 0.76), இரண்டு இ.சி.சி.83 (தலா 0.3), ஒரு பைலட் பல்ப் (0.15) என்று 2.27 ஆம்பியர் மட்டும் எடுத்தால் 230 லைனிலேயே 6.7 நிற்கும். அங்கே 0.1 ஓம் ஒயர்வௌண்ட் ரெசிஸ்டர் இரண்டு, ஒவ்வொரு ஒயரிலும் ஒன்றாக. 0.45 வோல்ட் அங்கே விழுந்து 6.25 கிடைக்கும். ஒவ்வொன்றிலும் அரை வாட் சூடு, நாங்கள் 3 வாட் போடுகிறோம். இரண்டையும் ஒரே ஒயரில் போட்டால் வைண்டிங்கின் நட்டநடுவில் எடுத்த சென்டர் டேப்பின் சமன் கெட்டு இரைச்சல் வரும்.

இதுவரை 220க்கு மட்டும் சுற்றிக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு 220, 230, 240 மூன்று டேப்போடு காசு வாங்காமல் மறுபடி சுற்றித் தருகிறோம், எச்.டி. கெப்பாசிட்டரையும் பார்த்துவிடுவோம். நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வரும்போது இரவு ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு, துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகத் துணியில் சுற்றி, எது எந்த சாக்கெட் என்று ஒட்டிவிடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கனம் என்றால் இறங்கினதும் போன் செய்யுங்கள், பையனை சைக்கிளோடு அனுப்புகிறோம்.