வெறும் சுவர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ பற்றி வந்த கட்டுரை அருமை. ஆனால் கூடவே போட்ட படத்தில் வலதுபுறத்தையும் அடிப்பாகத்தையும் கத்தரித்துவிட்டீர்கள். வெறும் சுவர்தானே என்று வடிவமைப்பாளர் நினைத்திருப்பார். அந்த ஓவியத்தில் பாதி வேலையைச் செய்வதே அந்தச் சுவர்தான் ஐயா.

ஜன்னல் இடதுபுறம். வெளிச்சம் அவள் நெற்றியிலும் சுருட்டிவிட்ட கையிலும் விழுகிறது. அந்தப் பக்கம் சுவர் மங்கல். வலதுபுறம் அவள் தோளும் முதுகும் நிழலில் இருக்கின்றன. அங்கே சுவர் வெளுப்பு. அதுவும் போதாதென்று அந்த நிழல் விளிம்பை ஒட்டி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு வேறு இழுத்திருக்கிறார். நான் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது, ஆளை வரைந்ததும் பிள்ளைகள் சுற்றிலும் கறுப்பு அவுட்லைன் போட்டுவிடுவார்கள். “ஆளை விடுடா, பின்னாடி இருக்கிற சுவரைப் பாரு” என்று கத்தியே எனக்குத் தொண்டை போனது. வெர்மீர் அந்தப் பாடத்தை 1660 வாக்கிலேயே முடித்து வைத்துவிட்டார்.

நீங்கள் வெட்டிய சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் உண்டு. பிடுங்காமல் விட்ட ஆணியும் உண்டு, அதற்கொரு குட்டி நிழலும் உண்டு. ஆணி நிழலுக்கு மெனக்கெட்டவர் சுவரைச் சும்மா விட்டிருப்பாரா?

இன்னொன்று. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அவள் தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டும் பலகை ஒன்றை வெர்மீர் முதலில் வரையத் தொடங்கியது தெரிந்தது. கீழே, குழந்தைத் துணி உலர்த்தும் கணப்புக் கூடை ஒன்றும் இருந்திருக்கிறது. இரண்டையும் அவரே மறைத்துவிட்டார். பொருள்களை எடுத்துவிட்டுச் சுவரை வைத்துக்கொண்டவர் அவர். நீங்கள் சுவரையே எடுத்துவிட்டீர்கள்!

அச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடது மூலை நிழலில் தொங்கும் பிரம்புக் கூடையும் பித்தளைப் பாத்திரமும் ஒரே மசியாகிவிட்டன. நிழல் என்றால் கறுப்பு இல்லை என்று அச்சகத்தாரிடம் யாராவது சொன்னால் நல்லது.

அடுத்த இதழில் படத்தை முழுசாகப் போடுங்கள். அசலே 45.5-க்கு 41 செ.மீ.தான். நடுப்பக்கம் இரண்டையும் ஒதுக்கினால் அதிகம் சுருக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.