இட்லிப் படம் கிடைத்தது

பெரம்பூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று வாரங்களாக ஒரு வார்த்தையும் இல்லாமலிருந்து, நேற்றிரவு 11.30 மணிக்கு நீ கைபேசியில் அனுப்பிய இட்லிப் படம் கிடைத்தது. தினமும் சாப்பிடும் ஒரு பொருளை இயந்திர உறுப்பைப் போல வரைந்துவரச் சொன்னார்கள் என்பதைத் தவிர நீ வேறெதுவும் எழுதவில்லை. புனேயில், 36 வயதில், மாலை வகுப்புக்குப் போய் எதற்கு டிராயிங் என்று உன் அம்மா கேட்டாள். நான் கேட்கவில்லை. ஆயுள் முழுக்க டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவனுக்குப் படத்தைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

எழுத்துகள் 3.5 மில்லிமீட்டர் உயரத்தில், ஒன்றையொன்று இடிக்காமல், மிக நன்றாக அமைந்திருக்கின்றன. என்னிடம் வேலை பழகிய பையன்களில் இருவருக்குத்தான் அந்தக் கை வந்தது. ஆனால் மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்கு மேலே வைத்திருக்கிறாய். அது அமெரிக்கர்களின் தேர்ட் ஆங்கிள் முறை. நம் தர நிர்ணய அமைவனத்தின் வரைபடக் கையேடான எஸ்.பி. 46 சொல்வது ஃபர்ஸ்ட் ஆங்கிள், அதில் மேல்தோற்றம் கீழே வரும். எந்த முறையானாலும் நுனி வெட்டிய கூம்பின் குறியீட்டைப் போட்டுவிடு, இல்லாவிட்டால் பட்டறைக்காரன் மாற்றிப் படித்துவிடுவான்.

விளிம்பை வரைந்துவிட்டு மையக்கோட்டைப் பிறகு செருகியிருப்பது பார்த்தவுடன் தெரிகிறது. இட்லியின் இடப்பக்கம் 2 மில்லிமீட்டர் பருத்துவிட்டது. முதலில் மையக்கோடு, பிறகுதான் மற்றதெல்லாம். அடிப்புற வளைவையும் கண்மதிப்பில் போட்டிருக்கிறாய். காலையில் அம்மாவின் இட்லித்தட்டில் ஒரு குழியை அளந்து பார்த்தேன்: வாய் விட்டம் 80, ஆழம் 20. பாதி விட்டமான 40இன் வர்க்கம் 1600, ஆழத்தின் வர்க்கம் 400. இரண்டையும் கூட்டி, ஆழத்தின் இருமடங்கால் வகுத்தால் ஆரம் 50 கிடைக்கும். காம்பஸை 50க்குத் திறந்து முள்ளை மையக்கோட்டின்மேல் ஊன்றினால் அடிப்புறம் ஒரே இழுப்பில் வந்துவிடும். மேற்புறம் மாவு பொங்கியதைப் பொறுத்தது என்பதால் அதற்கு ஓர் ஆரம் கிடையாது. புள்ளிகளைக் குறித்து, ஃபிரெஞ்ச் கர்வ் என்னும் வளைவு அச்சால் இணைக்க வேண்டியதுதான். வெட்டுத்தோற்றத்தில் காற்றுக் கண்களை ஒவ்வொன்றாகக் காட்டாதே, 45 டிகிரியில் மெல்லிய சாய்கோடுகள் போதும். அளவெண் வரும் இடத்தில் மட்டும் அவற்றை நிறுத்திவிடு. ஸ்டீல் ஸ்கேலும் கையுமாக நான் அடுப்படியில் நின்றதைப் பார்த்து உன் அம்மா சிரித்தாள். அவள் சிரித்துச் சில நாட்கள் ஆயிற்று.

படத்தின் பெயர்க்கட்டமான டைட்டில் பிளாக்கில் உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியல் இருக்கிறது. பத்து ஆண்டுகளாக நீ வேறோர் எழுத்தைப் போட்டுவந்தாய். கைப்பழக்கமாக இருக்கலாம், தவறு என்று சொல்ல வரவில்லை. வரைபடத்தில் ஒன்றை மாற்றினால் ரிவிஷன் கட்டத்தில் தேதியோடு குறிப்பது அலுவலக வழக்கம், ஆனால் இது அலுவலகம் இல்லை, நீ குறிக்க வேண்டியதும் இல்லை. வரைந்து முடித்தபின் அந்த இட்லியைச் சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் கண்காட்சிக்காக நீ பிரஷர் குக்கரின் வெட்டுத்தோற்றம் வரைந்தாய். கோடுகள் தடித்திருந்தன என்பதற்காக, நீ தூங்கியபின் புதுச் சார்ட்டில் என் ரோட்ரிங் பேனாவால் முழுவதையும் நானே வரைந்து, உன்னுடையதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். காலையில் அதைப் பார்த்து நீ ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போனாய், பரிசும் வந்தது. அதன்பிறகு நீ என் வரைகருவியான மினி டிராஃப்டரைத் தொடவில்லை. அவளுக்கு இதில் நாட்டமில்லை என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் இத்தனை வருடம் சொல்லித் திரிந்தவன் நான்தான். உன் சார்ட்டைப் போன மாதம் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தடித்த கோடுகள்தான், ஆனால் கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருக்கின்றன. மையக்கோட்டையும் அன்றைக்கு முதலில்தான் போட்டிருக்கிறாய்.

இந்த இட்லியை நான் திருத்தி வரைந்து அனுப்பப் போவதில்லை. நீயே மறுபடி போட்டு அனுப்பு, முதலில் மையக்கோடு. மாடி அறையில் டிராயிங் போர்டின்மேல் கிடந்த பழைய பேப்பர்களை எடைக்குப் போட்டுவிட்டேன். சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா